தனி வரிசையில் நின்ற ஏழு பிள்ளைகள்

தர்ஷி,

சாப்பிட்டாயா, அந்த ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்கிறதா என்று கேட்டுத் தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். அதையெல்லாம் போனிலேயே கேட்டுக்கொள்ளலாம். போனில் சொல்ல முடியாத ஒன்று இருக்கிறது. சொல்லத் தொடங்கினால் நீ குறுக்கே பேசுவாய், நான் அழுதுவிடுவேன், கடைசியில் இரண்டு பேரும் மழையைப் பற்றிப் பேசி முடிப்போம். அதனால்தான் எழுதுகிறேன். பள்ளிக்கூடம் விட்டு வந்து, கை கால் கழுவி, தேத்தண்ணி குடித்த பிறகு உட்கார்ந்து படி.

வியாழக்கிழமை நீ வில்கமுவையிலிருந்து பேசியது இன்னும் காதிலேயே நிற்கிறது. "அம்மா, நான் வந்து ஒன்பது நாள்தான் ஆகுது. இன்னைக்கு ஒரு அப்பா வகுப்புக்குள்ளேயே வந்துட்டாரு. எங்க பிள்ளைகளுக்கு எதுக்குத் தமிழ், என் அண்ணன் யுத்தத்துல செத்தவன்னு சொல்லி மகளோட கையப் பிடிச்சு வெளிய கூட்டிட்டுப் போயிட்டாரு. மத்தப் பிள்ளைங்க எல்லாம் என் மூஞ்சியவே பார்த்துட்டு இருந்துச்சு. நான் சோக்குக் கட்டியக் கையில வச்சுக்கிட்டு அப்படியே நின்னுட்டேன்." சிங்களப் பிள்ளைகளுக்கு இரண்டாம் மொழியாகத் தமிழ் படித்துக்கொடுக்கப் போன இருபத்துமூன்று வயதுப் பிள்ளை, முதல் நியமனத்தின் ஒன்பதாம் நாள் இப்படி நின்றிருக்கிறாய். பொய் சொல்ல மாட்டேன், அந்த நிமிடம் அடுத்த பஸ்ஸில் ஏறி வந்து உன்னைக் கூட்டிக்கொண்டு வந்துவிடலாம் என்றுதான் தோன்றியது.

மறுநாள் காலையிலேயே பெரியமாமா வந்துவிட்டார். நீ அவருக்கும் போன் பண்ணினாய் போலிருக்கிறது. அதில் எனக்குக் கோபம் இல்லை. கையில் டைப் அடித்த கடிதம் ஒன்று வைத்திருந்தார். "தங்கச்சி, ஆளப் பிடிச்சாச்சு. இதுல பிள்ளை ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும், மாத்தளை டவுனுக்கே மாத்திரலாம். அந்தக் காட்டுல கெடந்து, அதுவும் சிங்கள ஆளுங்களுக்குத் தமிழ் படிச்சுக் குடுத்து, என்ன ஆகப் போகுது?" என்றார். நான் வேண்டாம் என்றேன். உன்னைக் கேட்காமலே சொல்லிவிட்டேன். அதற்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். அவர் எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டே, "ஏற்கனவே ஒரு தடவை ஊரைப் பகைச்சுக்கிட்டது போதாதா? இப்ப பிள்ளையையும் பலி குடுக்கப் போறியா?" என்று கேட்டார். அப்பா இறந்த பிறகு நம் வீட்டுக்கு வந்து போய் நல்லது கெட்டது பார்த்தவர். அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தது குத்தியது. அவர் சொன்ன அந்த "ஒரு தடவை"யைப் பற்றித்தான் இந்தக் கடிதம். நீ அப்போது கூடவே இருந்தவள். ஆனால் உனக்குத் தெரிந்தது பாதிதான்.

ஈஸ்டர் ஞாயிறு குண்டுகளுக்குப் பிறகு பள்ளிக்கூடங்களைத் திறந்த முதல் நாள் ஞாபகம் இருக்கிறதா? நீ பதினோராம் வகுப்பு. நான் உங்கள் வகுப்புக்குக் குடியுரிமைக் கல்வி எடுத்தேன். கேட்டில் மேசை போட்டுப் பெற்றோர் எல்லாப் பிள்ளைகளின் பையையும் திறந்து பார்த்தார்கள். எல்லோருக்கும் பயம், அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அன்று காலை பள்ளி அதிபர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். "டீச்சர், பெற்றோர் எல்லாம் ஒண்ணு கேக்குறாங்க. முஸ்லிம் பிள்ளைகளைத் தனி வரிசையா நிப்பாட்டி நல்லாப் பார்க்கணுமாம். பொம்பளப் பிள்ளைங்கள ஆம்பளைங்க தொட முடியாதுல்ல. நீங்க செஞ்சா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. உங்க மேல எல்லாருக்கும் ஒரு மரியாதை இருக்கு" என்றார். நான் "சரி சேர்" என்றேன். யோசித்துப் பார்க்கிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. அந்த மரியாதை என்ற சொல் எனக்கு இனித்தது.

எங்கள் பள்ளிக்கூடத்தில் ஏழு முஸ்லிம் பிள்ளைகள் இருந்தார்கள். ஏழு பேரையும் மதிலோரமாக நிறுத்தினேன். ஆறாவதாக நின்றவள் நஸ்ரின். ஆறாம் வகுப்பிலிருந்து உன் பக்கத்திலேயே உட்கார்ந்தவள், நம் வீட்டில் என் கையால் சோறு சாப்பிட்டவள். "தலைத்துணியக் கொஞ்சம் தூக்கும்மா" என்றேன். தூக்கினாள். பையைக் கவிழ்த்தேன். புத்தகங்களுக்கு நடுவே சின்ன டப்பா ஒன்று இருந்தது. "அது தர்ஷிக்கு, டீச்சர். உம்மா குடுத்தனுப்பினாங்க. நான் நோன்பு" என்றாள். டப்பாவைத் திறந்தால் முட்டையும் கருப்பட்டியும் மணக்கும் வட்டலாப்பம். நான் பென்சிலை எடுத்து அதற்குள் குத்திப் பார்த்தேன். அதற்குள் ஏதாவது இருக்கும் என்று நான் நம்பவில்லை, தர்ஷி. சுற்றி நின்ற பெற்றோர் பார்க்கட்டும் என்றுதான் குத்தினேன். டீச்சர் சரியாகத்தான் பார்க்கிறார் என்று அவர்கள் நினைக்க வேண்டும், அவ்வளவுதான். நஸ்ரின் அழவில்லை. என் கையிலிருந்த பென்சிலைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். டப்பாவை மூடி உன்னிடம் கொண்டுவந்து கொடுத்தாள் என்று பிறகு கேள்விப்பட்டேன். நீ அதைச் சாப்பிட்டாயா என்று இன்றுவரை நான் உன்னிடம் கேட்டதில்லை. இனியும் கேட்க மாட்டேன்.

உனக்குத் தெரியாதது இனித்தான் வருகிறது. யுத்த காலத்தில், எனக்கும் உன் வயது இருக்கும்போது, கண்டிக்குப் போகிற பஸ்ஸை ஒரு நாள் வழியில் மறித்தார்கள். அடையாள அட்டையில் தமிழ்ப் பெயர் இருந்தவர்களை மட்டும் இறக்கி ரோட்டோரமாக நிறுத்தினார்கள். என் பையைத் திறந்து பார்த்த ஒரு பெண் அதை அப்படியே தரையில் கொட்டினாள். சீப்பு, புத்தகம், சோற்றுப் பார்சல், எல்லாவற்றுக்கும் மேலே மாதவிலக்குக்கென்று நான் மடித்து வைத்திருந்த துணி. பஸ்ஸின் அத்தனை யன்னலிலும் முகங்கள் தெரிந்தன. நான் குந்தியிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். யாரும் இறங்கி வரவில்லை, யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்று வீட்டுக்கு வந்து அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. உன் அப்பாவிடமும் சொன்னதில்லை. அந்த யன்னல் முகங்களை மட்டும் பல வருடம் மனதுக்குள் திட்டிக்கொண்டே இருந்தேன். இப்படிப்பட்டவள்தான் அந்தப் பிள்ளையின் பையைக் கவிழ்த்தேன். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியே இல்லை. அது எப்படி இருக்கும் என்பதை அந்தக் கேட்டில் என்னைவிட நன்றாக அறிந்தவர்கள் யாரும் இல்லை.

தனி வரிசை ஒவ்வொரு நாளும் தொடர்ந்தது; மூன்றாம் நாளிலிருந்து நஸ்ரின் வரவில்லை. நீ வீட்டில் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாய். இரண்டு கிழமை கழித்து வகுப்பில் மனித உரிமைப் பாடம். சட்டத்தின் முன் யாவரும் சமம் என்று நான் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன். அப்போது நீ எழுந்து நின்றாய். வகுப்பில் மற்றப் பிள்ளைகளைப் போலவே நீயும் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவாய். "டீச்சர், இது பரீட்சைக்கு மட்டும்தானா?" என்று கேட்டாய். குரலில் கோபம்கூட இல்லை. உன் பக்கத்து இடம் வெறுமையாகக் கிடந்தது. எத்தனையோ வருடமாக அந்தப் பாடத்தைப் படிப்பித்தவள் நான். அதில் எந்தக் கேள்வி வரும், எத்தனை புள்ளி என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். உன் கேள்விக்கு "உக்காரு" என்றேன். அதுவும் தப்புத்தான்.

அந்தச் சனிக்கிழமை நஸ்ரின் வீட்டுக்குப் போனேன். அவள் அங்கே இல்லை, அக்குறணையில் பெரியம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். அவளுடைய உம்மா ஃபரீதா வாசலில் நின்றே பேசினாள். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. நான் மன்னிப்புக் கேட்டேன். அவள் முழுவதையும் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "டீச்சர், என்ட புள்ளைய நீங்க கேட்டடியில வச்சித்தான் சோதிச்சீங்க. முழுப் பள்ளிக்கூடமும் பாத்துச்சி. இப்ப இங்க வந்து மெல்லமா மன்னிப்புக் கேக்கிறீங்க. அது அவங்களுக்கு எப்படித் தெரியும்? என்ட புள்ள பிழை செய்யல்லண்டு அவங்களுக்கு யாரு சொல்றது?" நான் திரும்பி நடந்தேன். கோயில் வீதி முனைக்கு வந்து சேர்வதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது, அவள் கேட்டது நியாயம்.

திங்கட்கிழமை காலைக்கூட்டத்தில் என்ன நடந்தது என்று நீயே பார்த்தாய். நான் ஒலிவாங்கியைக் கையில் எடுத்தேன். "மூன்று கிழமைக்கு முன் நான் ஏழு பிள்ளைகளைத் தனி வரிசையில் நிறுத்தினேன். அவர்கள் ஒரு பிழையும் செய்யவில்லை. பிழை செய்தவள் நான். அது சட்டத்துக்கும் விரோதம், நான் படிப்பிக்கிற பாடத்துக்கும் விரோதம்" என்று சொன்னேன். அதற்குள் அதிபர் சைகை காட்ட, ஒலிவாங்கி நின்றுபோனது. மிச்சத்தைக் கத்திச் சொன்னேன். பின்வரிசைக்குக் கேட்டதா தெரியாது. மறுநாள் ஏழு மணிக்கே கேட்டுக்குப் போய் என்னுடைய பையை மேசையில் வைத்தேன். "முதல்ல இதைப் பாருங்க. பார்க்கிறதா இருந்தா எல்லாருக்கும் ஒரே வரிசை. தனி வரிசைக்கு நான் நிக்க மாட்டேன்" என்றேன். "அவங்ககிட்ட என்ன வாங்கினீங்க டீச்சர்?" என்று ஒரு தகப்பன் கேட்டார். அவருடைய மகள் என்னிடம் படித்தவள். எனக்குப் பதிலாக அந்த வரிசைக்கு நிற்க வேறு டீச்சர்மார் யாரும் முன்வரவில்லை. அந்தக் கிழமை முடிவதற்குள் தனி வரிசை இல்லாமல் போனது.

இதை வெற்றி என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஏழு பேரில் நான்கு பேர் போய்விட்டார்கள். நஸ்ரின் திரும்பி வரவே இல்லை. அவள் அக்குறணையிலேயே பரீட்சை எழுதினாள், அதோடு படிப்பை நிறுத்திவிட்டார்கள், இப்போது அவளுக்கு ஒரு குழந்தை இருக்கிறது. நீ அனுப்பிய செய்திகளுக்கு அவள் பதில் போடவில்லை என்பதும் எனக்குத் தெரியும். அந்தக் கடனை நீ சுமக்கிறாய், பட்டவள் நான். பெற்றோர் எனக்கு எதிராகக் கையெழுத்து வைத்து மனு அனுப்பினார்கள். கல்வித் திணைக்களத்தில் விசாரணைக்குக் கூப்பிட்டு, அனுமதியில்லாமல் பேசியதற்கு வருத்தம் தெரிவித்து எழுதித் தரச் சொன்னார்கள். நான் எழுதினேன்: "நான் வருந்துவது பேசியதற்காக அல்ல, அதற்கு முன் வாய் திறக்காமல் இருந்ததற்காக." அதைப் படித்த அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "இது வருத்தக் கடிதம் இல்லையே, டீச்சர்" என்றார். "இல்லைதான் சேர்" என்றேன். அடுத்த தவணை மலை உச்சியிலிருக்கிற தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றம் வந்தது. மாமா ஒரு வருடம் நம் வாசல் மிதிக்கவில்லை. பரீட்சை எழுதுகிற வருடத்தில் அம்மாவும் இல்லாமல், தோழியும் இல்லாமல் நீ அந்தப் பள்ளிக்கூடத்துக்குத் தனியாகப் போய் வந்தாய். அந்த விஷயத்தில் மட்டும் நான் உனக்குக் குறை வைத்தேன். வாய் திறந்து பேசியதற்கு நான் வெட்கப்படவில்லை.

தண்டனை என்று அனுப்பிய இடத்தில்தான் எனக்கு வேலை அகப்பட்டது. தோட்டத்து மண்டபத்தில் சனிக்கிழமை வகுப்புத் தொடங்கியபோது ஒன்பது பிள்ளைகள் வந்தார்கள். பிறகு கீழ்க் கிராமத்திலிருந்து ஒரு சிங்களத் தாய் தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்து, தமிழ் எழுத்துச் சொல்லித்தாருங்கள், பதிலுக்கு நான் சிங்களம் சொல்லித்தருகிறேன் என்றாள். ஒரு நாள் பார்த்தால் படியேறி மூச்சு வாங்கிக்கொண்டு ஃபரீதா வந்து நிற்கிறாள், அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் ஐந்து பேரோடு. நான் எழுந்து ஓடினேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். "மன்னிச்சிட்டேண்டு நெனக்காதீங்க, டீச்சர். இந்தப் புள்ளைகளும் ரெண்டு பாஷையும் எழுதப் பழகட்டும். அதுக்குத்தான் வந்தன்" என்றாள். இன்றுவரை மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்டதில்லை. ஒரே பாயில் உட்கார்ந்து பிள்ளைகளுக்குப் படித்துக்கொடுக்கிறோம்.

அந்த வகுப்பில் எழுத்து மட்டும் படிப்பதில்லை. நம்முடைய பிள்ளைகள் முஸ்லிம் பிள்ளைகளை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், டவுன் தமிழ்ப் பிள்ளைகள் தோட்டத்துப் பிள்ளைகளை என்ன சொல்கிறார்கள், சிங்களப் பிள்ளைகள் நம்மை என்ன சொல்கிறார்கள் என்று எல்லாவற்றையும் சத்தமாகச் சொல்லவைப்பேன். சொன்ன பிள்ளை கேட்ட பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டும். முதல் தடவை யாருக்கும் வாய் வராது. அழுகையும் வரும், சண்டையும் வரும். அது நல்லது. போன மாதம் தாய்மாரைக் கூட்டிக்கொண்டு ஒரு அரசாங்கக் காரியாலயத்துக்குப் போனேன். தமிழ்ப் படிவம் முடிந்துவிட்டது, அடுத்த கிழமை வாருங்கள் என்றார் ஒரு கிளார்க். தமிழில் படிவம் தருவது தயவு இல்லை, சட்டம் என்று நான் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் ஃபரீதா நல்ல சிங்களத்தில் அவரிடம், "பரவாயில்லை மாத்தயா, அடுத்த கிழமை வரைக்கும் இந்த வாங்குலயே உக்காந்திருக்கிறோம்" என்றாள். ஒன்பது பெண்கள் வரிசையாக உட்கார்ந்தோம். பகல் சாப்பாட்டை அங்கேயே பிரித்தோம். மூன்று மணிக்கு அவருடைய மேசை லாச்சிக்குள்ளிருந்து தமிழ்ப் படிவம் வெளியே வந்தது. திரும்பி வரும்போது பஸ்ஸில் அந்தப் பெண்கள் சிரித்த சிரிப்பை நீ கேட்டிருக்க வேண்டும்.

இனி உன் விஷயம். அந்தத் தகப்பன் வீட்டைத் தேடிப் போ. தமிழ் படித்தால் அரசாங்க வேலை கிடைக்கும், அது கிடைக்கும், இது கிடைக்கும் என்று வியாபாரம் பேசாதே. அவருடைய அண்ணனைப் பற்றிக் கேள். பெயர் என்ன, எந்த வயதில் போனார், உடல் வீட்டுக்கு வந்ததா என்று கேள். படம் இருந்தால் காட்டச் சொல். தேத்தண்ணி கொடுத்தால் குடி. ஃபரீதா என்னை வாசலில் நிறுத்திய மாதிரி அவரும் உன்னை வாசலிலேயே நிறுத்தலாம், நின்று கேள். அவருடைய துக்கம் உண்மையான துக்கம், அதற்கு முன்னால் தலை குனிவதில் அவமானம் இல்லை. ஆனால் அவருடைய அண்ணனை நீ கொல்லவில்லை, உன் மொழியும் கொல்லவில்லை. அதை அவரிடம் சொல்லத் தேவையில்லை, நீ மறக்காமல் இருந்தால் போதும். அவர் மகளை அனுப்பினாலும் அனுப்பாவிட்டாலும், அடுத்த நாள் உன் பாடநேரத்துக்கு மணி அடிக்கும்போது நீ வகுப்பில் நிற்க வேண்டும். யாராவது வந்து தமிழ்ப் பாடத்தைக் கடைசி நேரத்துக்குத் தள்ளுங்கள், வேண்டாம் என்கிற பிள்ளைகளை வெளியே விளையாட விடுங்கள் என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதே. நல்ல மனிதர்கள்தான் வந்து கேட்பார்கள், மரியாதையாகத்தான் கேட்பார்கள். நான் "சரி சேர்" சொன்னது எத்தனை சுலபமாக வாயிலிருந்து வந்தது என்று உனக்குச் சொல்லிவிட்டேன்.

மாமாவிடம் நான் சொன்ன பதிலில் மாற்றம் இல்லை. நீ வளர்ந்த பிள்ளை, வேறு முடிவு எடுத்தால் அது உன் உரிமை. உன்மேல் எனக்கு அன்பு குறையாது. ஆனால் கையெழுத்துப் போடுகிறேன் என்று அவருக்கு நீதான் போன் பண்ண வேண்டும். நான் பண்ண மாட்டேன்.

எனக்கும் இங்கே ஒரு வேலை வந்திருக்கிறது. மண்டபக் கமிட்டித் தலைவர் நேற்று வந்தார். நம்முடைய ஆள்தான், நம்முடைய சாதி சனம்தான். "டீச்சர், இனி மண்டபச் சாவி தர ஏலாது. அந்த ஃபரீதா மாதிரிச் சோனக ஆளுங்களும் சிங்கள ஆளுங்களும் தோட்டத்துக்குள்ள வந்து போறது சரியில்லைன்னு பேசிக்கிறாங்க. நம்ம பிள்ளைகளுக்கு மட்டும்னா நடத்துங்க" என்றார். சாவியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஃபரீதாவுக்கும் சொல்லியாகிவிட்டது, கீழ்க் கிராமத்துக்கும் சொல்லியாகிவிட்டது. சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மண்டபத்துக்கு முன்னால், நடு ரோட்டில், பாய் விரித்து உட்காரப் போகிறோம். மழை பெய்தால் குடை பிடித்துக்கொண்டு படிப்பிப்போம். உன் வகுப்பை நீ நடத்து, என் வகுப்பை நான் நடத்துகிறேன்.

அம்மா